பால்கனி மேலே வந்தது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் சுகம், அவருடைய முதுகைத் தவிர. காரணம் கீழே வரும். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். குட்டிக்கு இருமல் நின்றதா? சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடக்க முடியவில்லை. தியேட்டரை இடிக்கப் போவதில்லை.

பால்கனி ஒரு சாண் தொங்கிவிட்டது, எப்போது வேண்டுமானாலும் விழும் என்று போன வருஷம் ஓர் அறிக்கை வந்ததே, அதன்மேல் நகராட்சியில் விசாரணை வைத்தார்கள். நான் எழுந்து சொன்னேன், தொங்குவது உத்திரம் இல்லை, பிற்காலத்தில் விளக்குகளை மறைக்க ஒட்டிய சுண்ணாம்புப் பூவேலை, முதல் வரிசை நாற்காலியைக் கழற்றினால் இடுக்கில் கை விடலாம், இரண்டுக்கும் நடுவே வெறும் காற்றுதான், அளந்தவர்கள் கீழேயிருந்து பூவேலையை அளந்திருக்கிறார்கள் என்று. இடத்தை வாங்க வந்தவரின் வக்கீல் சிரித்தார். நாற்காலிக்கு உறை தைக்கிற அம்மாவுக்கு உத்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்றார். நீயும் போனில் அதையேதான் கேட்டாய். கோபமில்லை. ஆனால் அவருக்குச் சொன்ன பதிலை உனக்கும் சொல்கிறேன். "பதினெட்டு வருஷமா அது மேல உட்கார்ந்துதாங்க தைக்கிறேன்." அறை முழுக்கச் சிரிப்பு. ஆணையர் மட்டும் சிரிக்கவில்லை. சுமை ஏற்றிப் பாருங்கள், தாங்கினால் இருக்கட்டும், இல்லாவிட்டால் இடியுங்கள் என்று எழுதிவிட்டார். நூற்று நான்கு வருஷத்துக் கட்டடம், போனால் என் வாயால் போகும்.

சோதனைக்கு வந்த இன்ஜினியருக்கு உன் வயதுதான் இருக்கும். கையில் எப்போதும் டேப். நாங்கள் வைத்த பேர் டேப்பம்மா. முந்நூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகளையும் கழற்றினோம், அந்த இடத்தில் மணல் மூட்டை. ஒவ்வொன்றையும் எடை போட்டாள், மணல் சிந்தினால் கணக்குக் கெடும் என்றாள், அதனால் மூட்டை வாய்களைத் தைப்பது என் வேலையாயிற்று. ஆயிரத்து நூறு மூட்டை. கோணி ஊசி. நான்கு நாள். ஒன்றும் சிந்தவில்லை. "அது விழுந்தா உன்னைத் தோண்டி எடுக்க நான் வரமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த உன் அப்பா மூன்றாம் நாள் சாப்பாட்டுக் கூடையோடு வந்தார், கூடையைக் கீழே வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கினார். முதுகு போன கதை அதுதான்.

ஒரு நாள் முழுக்கச் சுமை. பால்கனி பன்னிரண்டு மில்லிமீட்டர் இறங்கியது. டேப்பம்மா நிதானமாகச் சொன்னாள், "இறங்குறது தப்பில்லம்மா. பாரத்தை எடுத்ததும் மேல வரணும். பன்னிரண்டுல ஒன்பதாச்சும் வரணும்." மூட்டைகளை இறக்கினோம். சாயங்காலம் ஏழு மில்லிமீட்டர்தான் ஏறியிருந்தது. ஏழு. மறுநாள் காலை வரை அவகாசம் உண்டு என்றாள். வக்கீல் வாசலிலேயே தன் ஆட்களோடு கைகுலுக்கத் தொடங்கிவிட்டார்.

காலை. தூசி. கழற்றிய நாற்காலிகளின் திருகாணித் துளைகள் வரிசை வரிசையாக. டேப்பம்மா ஏணியில் ஏறி, இறக்கத்தை அளக்கப் பொருத்தியிருந்த மானியைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு இறங்கி வந்து, நீங்களே வாசியுங்கள் என்று என்னை ஏற்றினாள். பன்னிரண்டில் பதினொன்று திரும்பி வந்திருந்தது. சத்தமாக வாசித்தேன், குரல் பின்சுவர் வரை போய்த் திரும்பியது. இத்தனை வருஷத்தில் அந்த அரங்கில் என் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உன் அப்பா பால்கனிக்கு நேர் கீழே, யாரும் நிற்கக் கூடாது என்று கயிறு கட்டிய இடத்தில் போய் நின்று, முதுகைப் பிடித்தபடி, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

நேற்று உத்தரவு வந்தது. இனி அது பழமைக்காகப் பாதுகாக்கப்பட்ட கட்டடம், யாரும் கை வைக்க முடியாது. வாசலில் ஒட்டியிருந்த இடிப்பு நோட்டீஸை மேனேஜர் என்னைத்தான் கிழிக்கச் சொன்னார். நல்ல பசை. கோணி ஊசியால் நெம்பி எடுத்தேன்.

நாற்காலிகளை மறுபடி பூட்டுகிறோம். பால்கனி முதல் வரிசையில் நடு மூன்றும் உங்களுக்கு, சிவப்புத் துணி, இரட்டைத் தையல். விடுமுறைக்கு வந்துவிடுங்கள். உட்காரும்போது கம்பியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். குட்டி மருந்தைத் துப்பாமல் பார்த்துக்கொள், நீ வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மூவரும் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உத்திரம் தெரிந்த
உன் அம்மா