அண்டா இருக்கும் படம்

வாய் நிறைய என்னை 'மருமவளே' என்று கூப்பிட்ட என் அத்தைக்கு,

அன்றைக்கு நான் சொல்லாதது இதுதான்: அந்தக் கிளாஸில் இருந்தது கோகம் சர்பத், பம்பாய்ப் பக்கத்துப் புளிப்புப் பழத்தில் செய்கிற சிவப்புச் சர்பத். சர்பத் கலக்கிய அண்டாவும் அதற்குள் கிடந்த கரண்டியும் உங்களுக்குப் பின்னால் படத்திலேயே இருந்தன. படம் அழகாக வரட்டும் என்று அண்டாவை வெட்டி எறிந்தவள் நான்.

சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன்.

நீங்கள் பம்பாய்ப் பக்கம் வாஷியில் அந்த அலுவலக கேண்டீனில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, சமையலுக்கு மாறி, ஒருவழியாக சூப்பர்வைசர் ஆன நாள் அது. ஒரே ரயிலில் வீடு திரும்பலாம் என்று என் ஆபீஸ் முடிந்து அங்கே வந்திருந்தேன். ஏதோ மீட்டிங்குக்கு வாங்கிய நீளக்கால் கண்ணாடிக் கிளாஸ்கள் மேஜையில் இருந்தன. உங்களோடு வேலை செய்த மூன்று பெண்களுக்கும் நீங்களே ஊற்றிக் கொடுத்தீர்கள். "எல்லாரும் தூக்குங்க, எங்க வீட்டு ஆம்பளையாளுக தூக்குத மாதிரி" என்று தமிழில் சொல்லிவிட்டு, அவர்களுக்குப் புரியாது என்று இந்தியிலும் சொன்னீர்கள். அந்தச் சிரிப்பில்தான் படம் எடுத்தேன்.

பாலத்தின் மேல் ரயில் போகும்போது அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டீர்கள். "ஏட்டி, சியர்ஸுக்கு 'யா'வா, 'ய'வா?" என்று கேட்டுக் கேட்டு எழுதினீர்கள். வாராவாரம் அப்பாவும் சித்தப்பாவும் செம்பூர் பாரிலிருந்தும் யார் யார் வீட்டு மொட்டைமாடியிலிருந்தும் தூக்கிய கிளாஸோடு படம் போடுவார்கள். கீழே கட்டைவிரல்கள் வரிசை கட்டும். அந்தக் குழுவில் சந்தோஷத்துக்கு இருந்த ஒரே படம் அதுதான். உங்களுக்கும் ஒரு சந்தோஷம் வந்தது, அதே போல ஒரு படம் போட்டீர்கள். இதில் எங்கே தப்பு இருந்தது, அத்தை?

ஊரிலிருந்து பெரியப்பாவின் பதில் மறுநாள் வந்தது. "தங்கச்சி ஒயின் குடிக்குதாக்கும். பம்பாய்த் தண்ணி நல்லா ஒத்துக்கிட்டுது." ஊரில் கோகத்தை யார் கண்டார்கள். சிவப்பு, நீளக்கால் கிளாஸ், ஒரு பெண்ணின் கை. அவருக்கு அவ்வளவு போதும்.

எங்கள் தாராவி வீட்டில் மதியச் சாப்பாட்டில் இருந்தோம். அப்பா செல்போனைச் சித்தப்பாவின் இலைப் பக்கம் தள்ளினார்.

"இது என்னல கூத்து?"

"ஆபீஸ்ல எல்லாரும் தூக்குவாவண்ணே."

"எல்லாவனும் தூக்கட்டும். தாலில முடிச்சுப் போடப்போற கை தூக்கலாமால?"

சித்தப்பா செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மோர் கேட்டார். அவர் கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஆச்சி இறந்தபோது நடக்கக்கூடத் தெரியாத பிள்ளை அவர். இடுப்பில் வைத்து வளர்த்தது நீங்கள். அவர் கட்டும் தாலிக்கு நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவரும் நீங்கள்தான். அதற்கென்று அரக்கு நிறத்தில் ஒரு சேலைகூட எடுத்து வைத்திருந்தீர்கள்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. இப்போது சொல்கிறேன். வாஷியில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்க அந்த வாரம்தான் அப்பாவிடம் அனுமதி கேட்டிருந்தேன். படம் எடுத்தது நான் என்று தெரிந்தால் அது கிடைக்காது. எனக்கு அறை கிடைத்தது. இந்தக் கடிதத்தை அதற்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

முடிச்சு வேறு யாராவது போடட்டும் என்று அப்பா சொல்லி அனுப்பியதும், சாயங்காலம் நீங்கள் போன் செய்தீர்கள். "ஏட்டி, நீங்கல்லாம் சந்தோசம்னா கிளாஸைத் தூக்கித்தானே படம் போடுதீய? நீயாவது சொல்லேன், நீதான படம் புடிச்ச." சொல்கிறேன் அத்தை என்றேன். அதுவும் பொய்.

கல்யாணத்தில் மூன்றாவது வரிசையில் மாமாவோடு உட்கார்ந்திருந்தீர்கள். அரக்குச் சேலைதான் கட்டியிருந்தீர்கள். மேடையில் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி முடிச்சுப் போட்டாள். கெட்டிமேளம் கேட்டதும் எல்லோரோடும் நீங்களும் அட்சதை போட்டீர்கள். அன்று சாயங்காலம் மண்டபத்து மாடியில் அப்பா கிளாஸைத் தூக்கி நின்ற படம் குழுவில் வந்தது. பெரியப்பாதான் முதல் கட்டைவிரல்.

மழைக்காலத்தில் ஐந்து நாள் காய்ச்சல், அதோடு போய்விட்டீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் தாராவி வீட்டுப் படி ஏறவில்லை. அப்பாவும் சீத்தா கேம்பில் உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. உங்களைத் தூக்கத்தான் வந்தார்.

மாலை போட ஒரு படம் வேண்டும் என்றார்கள். இருந்த படங்களில் எல்லாம் ஆதார் அட்டையில் இருப்பது போல முறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான். அப்பா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். "முகம் நல்லாருக்கு. கிளாஸ் தெரியாம வெட்டிக் குடு" என்றார்.

வெட்டிக் கொடுத்தேன். இரண்டாவது முறை.

தாராவி வீட்டுக் கூடத்தில் இப்போது அதுதான் தொங்குகிறது. வலது தோள் மட்டும் மேலே ஏறியிருக்கிறது. கை எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கையைத் தூக்கி ஏதோ கேட்கப் போனவரை நடுவில் நிறுத்திவிட்டது போல இருக்கிறது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து தாராவி வீட்டுக்குத் திரும்பியதும் ஆண்கள் அந்தப் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் குழுவில் படம் வந்தது. அப்பா, சித்தப்பா, ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா. மூன்று கிளாஸ், மேலே உங்கள் மாலை. "அக்கா நினைவாக. சியர்ஸ்" என்று சித்தப்பா எழுதியிருந்தார். எழுத்துப் பிழை இல்லை.

நான் சமையற்கட்டில் நின்றபடி, அண்டாவோடு இருக்கும் முழுப் படத்தையும் அதற்குக் கீழே போட்டேன். "இது கோகம் சர்பத். அண்டாவை வெட்டியது நான்" என்று எழுதினேன். அப்படியே விட்டால் ஒயின் குடிப்பது குற்றம் என்று நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. "ஒயினாக இருந்தாலும் முடிச்சு அத்தைதான் போட்டிருக்க வேண்டும்" என்று சேர்த்தேன்.

சித்தப்பா எழுந்து உள்ளே வந்தார்.

"இப்ப எதுக்குட்டி இது? அது கோகம்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும்லா."

"தெரியுமா?"

"குர்லா ஸ்டேஷன்ல டெய்லி குடிக்கேன், எனக்குத் தெரியாதா? உங்கப்பாவுக்கும் தெரியும். ஊர்க்காரன் ஒயின்னு பேசிட்டான். அவன்ட்ட போயி சர்பத்துனு விளக்கிட்டா இருக்க முடியும்?"

அத்தை, அவர்களுக்குத் தெரியும். நான் சொல்லாத ஒரு வாக்கியத்தால்தான் எல்லாம் கெட்டது என்று இத்தனை நாள் என்னையே தின்றுகொண்டிருந்தேன். சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அதைக் காட்டி எனக்கு மன்னிப்பு வேண்டாம். அவர்களுக்கும் நான் தரப்போவதில்லை.

முழுப் படத்தையும் பிரேம் போட்டுவிட்டேன். கை, கிளாஸ், அண்டா, கரண்டி, அந்த மூன்று பெண்கள், எல்லாம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சீத்தா கேம்பில் மாமா வீட்டில் நானே ஆணி அடித்து மாட்டுவேன். என் கல்யாணம் என்று ஒன்று நடந்தால் அதற்கு முன்னால் அவர்கள் எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.

அன்று நான் போட்ட படத்துக்கு ஒரு கட்டைவிரலும் வரவில்லை. அப்பா அதை அழித்தார். பிறகு என்னைக் குழுவிலிருந்து நீக்கினார். அவர்கள் கிளாஸ் தூக்கிய படம் அங்கேயே இருக்கிறது.

உங்கள் அண்ணன் மகள்,
உங்கள் மருமவள்