லெந்து முடியும் வரை

வட இங்கிலாந்து. பிப்ரவரி 5, 1913. சாம்பல் புதன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எஸ்டேட் மேனேஜர் பிக்கர்ஸ்கில் வழிமறித்தார். "லெந்து நோன்பு இன்னிக்கு ஆரம்பிச்சாச்சும்மா. ஈஸ்டரோட முடியுது. அன்னிக்கே ஆத்தங்கரைப் புல்வெளியைக் காலி பண்ணிடணும். பட்டயத்துல அப்படித்தான் இருக்கு."

இருக்கிறதுதான். ஐந்நூறு வருஷத்துப் பட்டயம். 'லெந்து முடியும் வரை ஆடு மேய்க்கலாம்.' ஆனால் மே கடைசிவரை யாரும் எங்களைத் தடுத்ததில்லை. எஸ்டேட்டின் புதிய துரைக்கு அங்கே குதிரை விட வேண்டுமாம்.

இந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 23. ஆடுகள் குட்டி போடும் நேரம். அறுபத்திரண்டு சினை ஆடுகளைப் பனி மூடிய மலைக்கு எப்படி ஓட்டுவேன்?

பிப்ரவரி 6.

முறிந்த காலைத் தலையணைமேல் நீட்டியபடி என் கணவர் ஜோஸ் சொன்னார்: "வித்துடலாம், ஹெஸ்டர்." நான் கெண்டல் நீதிமன்றத்தில் வழக்குப் போடக் கிளம்பினேன்.

பிப்ரவரி 19.

உதவிப் பாதிரியார் லைத், ஜோஸைப் பார்க்க வந்தார். பட்டயத்தைக் காட்டினேன். ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் படித்தார்.

"இது நோன்பு இல்லம்மா. பழைய ஆங்கிலத்துல லெந்துன்னா இளவேனில். நீளம்ங்கிற சொல்லுக்கும் இதுக்கும் ஒரே வேர். பகல் நீளுற பருவம், அவ்வளவுதான். அந்தப் பருவத்துல வர்ற நோன்புக்கு அதே பேர் ஒட்டிக்கிச்சு. அப்புறம் நோன்பு மட்டும் பேரை வெச்சுக்கிச்சு."

"இதை நீதிபதிகிட்ட சொல்வீங்களா, ஐயா?"

அவர் எழுந்தார். தொப்பியைத் தேடினார்.

மார்ச் 11.

வழக்கு இருபதாம் தேதி. இன்று லைத் வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி. ஏழு மாதக் கர்ப்பிணி.

"எனக்குச் சம்பளம் குடுக்கறதே துரைதான்மா," என்றார் லைத். "இவளை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"பொய் சொல்லாதேங்கிற பிரசங்கம் எங்களுக்கு மட்டுந்தானா?"

கேட்டுவிட்டேன். அவள் முன்னாலேயே. எனக்கு ஏன் நாக்கு அப்படிப் போச்சு? பாதி வழியில் நின்றேன், திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாமென்று. போகவில்லை.

மார்ச் 18.

பனி. ஒரு ஆடு முந்திக்கொண்டது. இரட்டைக் குட்டி. ஒன்றுதான் பிழைத்தது.

மார்ச் 20.

கெண்டல் நீதிமன்றம். "ஈஸ்டர் எப்பன்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்," என்றார் பிக்கர்ஸ்கில். எல்லோரும் சிரித்தார்கள். லைத்தைக் காணோம்.

"உங்க பக்கம் பேச யாராவது இருக்காங்களாம்மா?" — நீதிபதி.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் கதவு திறந்தது. லைத் — இரண்டு தடித்த புத்தகங்களோடு, முழங்கால்வரை சேறு. அன்று எங்கள் வீட்டில் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார்.

பிக்கர்ஸ்கில் எழுந்தார். "அப்போ உங்க லெந்து எப்பதான் ஐயா முடியுது?"

"இளவேனில் முடியறப்ப. மே கடைசியில."

நீதிபதி அந்தப் புத்தகங்களை வாங்கித் தானே புரட்டினார். பிறகு, தீர்ப்பு எங்களுக்கு.

வெளியே நன்றி சொல்லப் போனேன். துரையின் மோட்டார் காரையே பார்த்துக்கொண்டிருந்தார் லைத். "வீட்டுக்குப் போங்கம்மா. ஆடு தனியா இருக்கும்."

மார்ச் 24.

மலையில் முழங்கால் அளவு பனி. கீழே புல்வெளியில் ஒன்பது குட்டிகள். ஜோஸ் அழுதார்.

ஏப்ரல் 6.

பிரசங்க பீடத்தில் லைத்துக்குப் பதில் வேறு ஆள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும்தான்.

மே 14.

லைத் குடும்பம் கிளம்பிவிட்டது. வடக்கே ஏதோ சுரங்க ஊரில் வாத்தியார் வேலையாம். குழந்தைக்குப் பத்து நாள். எங்கள் வண்டியில்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். பெட்டிகளை நானே இறக்கினேன்.

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா," என்றேன் அவர் மனைவியிடம்.

"கேட்டது தப்பில்ல. நீங்க கேக்காட்டியும் அவரு கோர்ட்டுக்குப் போயிருப்பாரு. என் முன்னால கேட்டீங்க பாருங்க, அதைத்தான் என்னால மறக்க..." முடிக்கவில்லை. குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

ரயில் மறையும்வரை நின்றேன். அவர் கையசைத்தார். அவள் அசைக்கவில்லை.