உன் எடைக்கு முறுக்கிய நாலு போல்ட்

டிக்கோயா
16.02.2025, ஞாயிறு

அன்பு மகள் டிலுக்ஷிக்கு,

மாதாவின் காவலில் அப்பா இங்கே கையும் காலும் சொன்னபடி கேட்கும் அளவுக்குச் சுகமாக இருக்கிறேன், நீயும் அந்த நியூசிலாந்துக் குளிரிலும் காற்றிலும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது இந்தக் கிழவனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய், போனில் உன் முகம் தெரிகிறது, முகத்தைப் பார்த்துக்கொண்டு சில விஷயங்களைச் சொல்ல எனக்கு வராது, எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பானாலும் எழுத்தில் கொஞ்சம் தைரியம் வருகிறது. கீழ் வீட்டு நிஷாந்தி படிக்க உன் ஊருக்கே வருகிறாள் அல்லவா, செவ்வாய்க்கிழமை அவளிடம் இதையும் ஒரு போத்தல் சீனிச் சம்பலையும் கொடுத்துவிடுகிறேன். அம்மா இன்னும் வத்தளையில் அண்ணன் ஜெரோஷன் வீட்டில்தான், அவன் பிள்ளைக்குப் பல் முளைக்கும் மட்டும் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள், இப்போது நாலு பல்லாம், முப்பத்திரண்டும் முளைத்த பிறகுதான் வருவாளோ தெரியாது. நான் குறை சொல்லவில்லை. காலையில் தேத்தண்ணி போடும்போது மட்டும் கை பழக்கத்தில் மூன்று கோப்பையை எடுத்துவிடுகிறது, பிறகு இரண்டைத் திரும்பக் கவிழ்த்து வைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன், நீ ரேஸ் ஓடின உன் நீலக் காரைப் பற்றி நான் உன்னிடம் இரண்டு பொய் சொல்லியிருக்கிறேன். முன் சக்கரத்து இரும்புக் கையில் இருக்கிற ரப்பர் புஷ் எல்லாம் தேய்ந்துபோய்ப் பள்ளத்தில் விழுந்தால் டொக் டொக் என்கிறது, அதை மாற்றிவிட்டு ஏப்ரல் ரேஸுக்கு முன்னால் கண்டியில் இருக்கிற மதுரனுக்கு வித்துவிடுங்கள் அப்பா, நான் இப்போதைக்கு வரப்போவதில்லை என்று சொல்லி நீ புது புஷ் அனுப்பினாயே, அக்டோபரில் அதைப் போட்டு முடித்த அன்று சத்தம் அடியோடு போய்விட்டது, பஞ்சு மாதிரி ஓடுகிறது என்று சொன்னேன். அன்றைக்கு அது உண்மைதான். ஒரு மாதத்தில் சத்தம் திரும்பி வந்தது, நீ கேட்டபோதெல்லாம் பஞ்சு பஞ்சு என்றே சொன்னேன், அது முதல் பொய். ஜனவரியில் மதுரன் வந்து காரை எடுத்துக்கொண்டு ஆலமுக்குச் சந்தி வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, அங்கிள் கோவிச்சுக்காதீங்க, முன்னுக்கு என்னமோ தட்டுது, பிரேக்க மிதிச்சா இடது பக்கம் இழுக்குது, சரி பண்ணி வைங்க வர்றேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் உன்னிடம் அந்தத் தம்பிக்கு வேலை இருக்கிறதாம், பிறகு வருவாராம் என்றேன், அது இரண்டாவது பொய். அவர் போன பிறகு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், சந்தோஷத்தில் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன், சீனியும் ஒரு கரண்டி கூடப் போட்டேன்.

புது புஷ் ஏன் அப்படிக் கிழிந்தது என்றால் அதுவும் என் கெட்டித்தனம்தான். தேயிலைக் கொழுந்து லொறி முப்பத்தொரு வருஷம் ஓட்டினேன், அதன் புஷ்ஷைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவேன், லொறிக்கு ஜாக்கை அச்சுக்கு அடியில் கொடுத்துத் தூக்குவோம், தூக்கினாலும் பாரம் வில்லுத் தகட்டின் மேலேயே இருக்கும், அதனால் எப்போது முறுக்கினாலும் சரியாக வரும். உன் காரில் உடம்பைத் தூக்கினேன், இரண்டு முன் சக்கரமும் கோழிக் கால் மாதிரித் தொங்கியது, தொங்கினபடியே நாலு போல்ட்டையும் உயிரைக் கொடுத்து முறுக்கிவிட்டேன். கீழே இறக்கினதும் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை மேலே வந்தது, உள்ளே இருக்கிற ரப்பர் பழைய இடத்திலேயே பிடிபட்டு முறுகிப்போயிற்று, கழுத்தைத் திருப்பிப் படுத்தவன் அப்படியே எழும்பி நாள் பூராவும் வேலைக்குப் போன மாதிரி. கார் முன்பக்கம் இரண்டு விரல் உயர்ந்து நின்றது. பக்கத்து வீட்டுச் சோலைமலை பார்த்துவிட்டு, என்ன மரியரட்ணம், காரு ஒன்ன மாதிரியே மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்குது என்றான், புது ரப்பர் அப்படித்தான் நிற்கும், ஒனக்கென்ன தெரியும் என்று அவனை விரட்டிவிட்டேன். ரப்பர் முறுகி முறுகி ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போய் வந்ததிலேயே கிழிந்துவிட்டது.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீயே எழுதிய துண்டுக் காகிதம்தான். பார்சலுக்குள் இருந்தது, கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, என் மகள் எனக்குப் புஷ் போடச் சொல்லித் தருகிறாளா என்ற பெருமையிலும், அதை நாலாக மடித்து ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே வைத்திருந்தேன். போன மாதக் கடைசியில் வீடு கூட்டும்போது வெளியே வந்தது. அப்பா, போல்ட்டைக் கையால் மட்டும் போட்டு விடுங்கள், சக்கரம் தரையில் நிற்க வேண்டும், டிரைவர் சீட்டில் என் எடை இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் முறுக்க வேண்டும் என்று தெளிவாக எழுதி அடியில் கோடும் போட்டிருந்தாய். விற்கச் சொன்ன காருக்கு உன் எடை எதற்கு என்று நான் கேட்கப் போவதில்லை. ஒரு செட்டுக்கு இரண்டு செட் புஷ் ஏன் அனுப்பினாய் என்று அன்று கேட்டதற்குச் சும்மாதாம்பா என்றாயே, இப்போது விளங்குகிறது, உன் அப்பனை உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

துண்டை வாசித்ததும் என் கள்ளமும் எனக்கே பிடிபட்டது மகள். சத்தம் இருக்கிற மட்டும் மதுரன் வாங்க மாட்டார், கார் இருக்கிற மட்டும் நீ ஒருநாள் வருவாய் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஒரு காரை நொண்டியாக்கி வைத்துப் பிள்ளையைப் பிடித்து வைக்கலாம் என்று நினைத்த அறிவாளி இந்த ஹட்டன் பக்கத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். அடுத்த நாளே அந்த இரும்புக் கைகளைக் கழற்றி ஹட்டன் லேத் கடைக்குக் கொண்டுபோய்க் கிழிந்ததை அழுத்தி எடுத்து மற்ற செட்டைப் போட்டு வந்தேன். நாலு சக்கரத்துக்கும் கீழே பழைய ரயில் சிலிப்பர் கட்டை வைத்துக் காரை அதன் மேல் நிறுத்தினேன், அப்போதுதான் சக்கரமும் நிற்கும், நானும் கீழே நுழையலாம். அடுத்தது உன் எடை. சோலைமலையை உட்காரச் சொல்லலாம், அவன் தொண்ணூறு கிலோவுக்குக் குறைய மாட்டான், அவன் உடம்புக்கு முறுக்கின காரை நீ எப்படி ஓட்டுவாய். உன் பழைய ரேஸ் படிவத்தைத் தேடி எடுத்தேன், ஐம்பத்து மூன்று கிலோ என்று இருந்தது. சீட்டில் வெறும் சாக்கை வைத்து, உருளைக்கிழங்கைக் கூடை கூடையாகத் தராசில் நிறுத்துக் கொண்டுபோய் நிரப்பினேன், ஐம்பத்து மூன்று வந்ததும் பெல்ட்டைப் போட்டேன். ரேஸில் நீ ஹெல்மெட்டோடுதானே இருப்பாய், அதுவும் எடைதானே என்று அதையும் சாக்கின் மேல் வைத்தேன்.

கீழே படுத்து முதல் போல்ட்டை முறுக்கும்போது, பழைய ஞாபகத்தில், மகள் அந்த ஸ்டியரிங்க நேரா புடி என்று சொல்லிவிட்டேன். மேலே இருந்தது கிழங்கு. வெளியே வந்து ஸ்டியரிங்கை நானே நேராக்கி வைத்துவிட்டுத் திரும்ப நுழைந்து இரண்டாவதை முறுக்கினேன். அன்றைக்கு நல்ல பனி, மேல் ரோட்டில் போன சோலைமலை காருக்குள் ஹெல்மெட்டைக் கண்டுவிட்டு, டேய் மரியரட்ணம், ஒம் மக எப்படா வந்திச்சி, சொல்லவே இல்ல என்று அங்கிருந்தே கத்தினான். நான் பகிடிக்கு, நேத்துத்தாண்டா என்றேன். அவன் உடனே செருப்பு வழுக்க வழுக்க இறங்கி ஓடி வந்து, என்னம்மா சொகமா என்று கண்ணாடி வழியாகக் குனிந்தான். கிழங்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். சரிந்து நின்ற ஹெல்மெட்டை நேராக வைத்துவிட்டு, எத்தனை போல்ட்டுடா மிச்சம், ஸ்பேனரக் குடு, ஒனக்கு இளைக்குது என்றான். கடைசி இரண்டையும் அவன்தான் முறுக்கினான்.

இப்போது கார் மூக்கைத் தாழ்த்திச் சமமாக நிற்கிறது. நேற்று கொட்டகலை மட்டும் ஓட்டிப் போய் வந்தேன், பள்ளத்திலும் சத்தம் இல்லை, இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக் கையை லேசாக விட்டுப் பார்த்தேன், கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது, இந்த முறை பொய் இல்லை. மதுரனுக்கும் போன் பண்ணி நடந்ததைச் சொல்லிவிட்டேன், அவர் மார்ச் முதல் சனிக்கிழமை வருகிறார். நீ கொடுங்கள் என்றால் கொடுத்துவிடுகிறேன், சாவியை ஒளித்து வைக்க மாட்டேன். உன்னை வா என்றும் சொல்லவில்லை, உன் விசாக் காகிதம் வராமல் வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது என்று நீ சொன்னது எனக்கு விளங்காமல் இல்லை. மதுரன் ஆள் உயரமும் மொத்தமுமாக இருக்கிறார், அவருக்கு என்றால் அந்த நாலு போல்ட்டையும் தளர்த்தி அவரை உட்கார வைத்துத் திரும்ப முறுக்க வேண்டும். அதை நீ சொல்லாமல் நான் செய்ய மாட்டேன். அது வரைக்கும் கார் உன் எடையிலேயே நிற்கட்டும்.

கிழங்கை ஒரு வாரமாகக் கறி வைத்துத் தின்கிறேன், சோலைமலைக்கும் பாதி கொடுத்தேன், இன்னும் முடியவில்லை. நீ வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, நீ வேலை செய்கிற கராஜில் குளிர்ந்த தரையில் சாக்குப் போடாமல் படுக்காதே, என் முதுகைப் பார்த்தாவது புத்தி வர வேண்டும். எல்லா ஆபத்திலிருந்தும் மாதா உன்னை மறைத்துக் காக்கட்டும், நீ தொடுகிற வேலை எல்லாம் நேராக ஓடட்டும். காரைக் கொடுக்கவா வேண்டாமா என்பதைச் சனிக்கிழமைக்கு முன்னால் சொல், வேண்டாம் என்றால் கூடவே இப்போது எத்தனை கிலோ இருக்கிறாய் என்பதையும் சொல், மெலிந்திருந்தால் அதற்குத் தக்கபடி கிழங்கைக் குறைத்து இன்னொரு தரம் முறுக்கி வைக்கிறேன்.

ஸ்பேனர் பிடித்த கையோடு ஆசீர்வதிக்கும்,
உன் அப்பா
மரியரட்ணம்