மழைக்கு ஒத்திகை

1938 யூன் 6
பரிசளிப்பு விழாவுக்குப் பாட்டு நாடகம் ஒன்று போடவேண்டுமாம். தலைமை ஆசிரியை செபஸ்தியம்மா என்னைத்தான் பிடித்தார். "பிள்ளையள் பாடுவினம். நீர் கதையைக் கட்டி நடிக்கப் பழக்கினால் போதும்." மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், ஓம் என்று வந்துவிட்டது.

மகள் பத்மாசினி போன பிறகு நான் கதை கட்டியதில்லை. ஆறு வயது. நெருப்புக் காய்ச்சல். இரண்டு வருடமாக இந்த வீட்டில் அவள் பெயரை நாங்கள் சொல்வதுமில்லை.

யூன் 9
இவரிடம் சொன்னேன். அரசாங்கக் கச்சேரியில் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"உமக்கு ஏன் உந்த வேலை? பாட்டையும் கூத்தையும் இஞ்சை கொண்டு வரவேண்டாம்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. பயம்.

யூன் 15
கதை கிடைத்துவிட்டது. மழையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டும் இராசா. அதை மீட்கப் போகும் ஒரு சிறுமி. மழை தப்பி ஓடியதும் இராசா அழுவான். பேதுரு மாஸ்டர் ஆர்மோனியத்தில் மெட்டுப் போட்டுத் தருகிறார். ஆனால் ஒத்திகையில் உயிரில்லை. நான் காட்டிய இடத்தில் கை தூக்குகிறார்கள், காட்டிய இடத்தில் இறக்குகிறார்கள். சோளகக் காற்று மண்டபத்து யன்னல்களை அடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் வாசலைப் பார்க்கிறேன். யார் வருவாள் என்று?

யூன் 21
எழுதிவிடுகிறேன். பத்மாவுக்கு ஒரு தோழி இருந்தாள். சொக்கி. பத்மாவின் கண்ணுக்கு மட்டும் தெரிவாள். சாப்பிடும்போது பக்கத்தில் அவளுக்கு இடம் விடவேண்டும். "அம்மா, கதவைச் சாத்தாதேங்கோ, சொக்கி இன்னும் வரேல்லை."

பத்மா போய்விட்டாள். சொக்கியை யாரும் கொண்டுபோகவில்லையே. அவள் எங்கே போவாள்? இன்னமும் கதவை மெல்லத்தான் சாத்துகிறேன். சிலவேளை பின்னால் சின்னக் கால்களின் அரவம். திரும்பினால் வெறும் முற்றம்.

ஆருக்கு இதைச் சொல்லுறது? விசர் எண்டுவினம்.

யூன் 22
தலையிடி. ஒத்திகை இல்லை.

யூன் 28
மழை விடுபடும் காட்சி. சிறுமியாக நடிக்கும் பராசக்தி, நான் சொல்லாமலே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறும் நிலத்தில் துள்ளினாள்.

"என்னடி செய்யிறாய்?"

"வெள்ளம் ரீச்சர்! தள்ளி நில்லுங்கோ, சீலை நனையுது."

சீலைக் கரையைத் தூக்கிக்கொண்டு விலகினேன். விலகிய பிறகுதான் உறைத்தது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கோ கால் குளிர்ந்தது — உண்மையாகவே.

பிறகு நானும் துள்ளினேன். இந்த வயதில்! ஒருத்தி சுளகில் புளியங்கொட்டையைக் குலுக்கி மழை இரைச்சல் கொண்டுவந்தாள். இன்னொருத்தி தவளையானாள். கதையில் தவளையே இல்லை. இருக்கட்டும்.

துள்ளும்போது எனக்குப் பக்கத்தில் வேறொருத்தியும் துள்ளினாள். திரும்பவில்லை. பார்த்தால் போய்விடுவாள்.

யூலை 7
சிறுமிக்கு ஒரு தோழியைச் சேர்த்தேன். அந்த வேடத்துக்கு ஆள் கிடையாது. பராசக்தி வெறும் இடத்தைப் பார்த்துக் கதைப்பாள், கை கோத்து நடப்பாள். "அவவின்ரை பேர் என்ன ரீச்சர்?" சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பெயரை வைத்துப் பாடினார்கள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் கிணற்றடியில் நின்றேன்.

யூலை 15
நாளை விழா. இவரைக் கூப்பிட்டேன். பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

யூலை 17
நேற்று நல்லபடி முடிந்தது. கடைசிப் பாட்டில் பார்க்கிறேன் — பின்வாசலில் குடையோடு இவர். எப்போது வந்தார்?

வீட்டுக்கு நடந்தோம். கொக்குவில் ரயில் கடவைக்கு வந்தோம். கேற் மூடியிருந்தது. நின்றோம்.

"உந்த இராசா அழுதது சரியில்லை," என்றார்.

"ஏன்?"

"பெட்டகம் வெறுமையாய்ப் போச்சுது. உப்பிடியோ அழுவான்? இப்பிடியெல்லோ..."

குடையைச் செங்கோலாகப் பிடித்து, வாயைக் கோணி, தெருவில் நின்று அழுது காட்டினார். கச்சேரிக் கிளாக்கர்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ரயில் வந்து போனது. இரைச்சல் அடங்கிய பிறகும் அவர் நிறுத்தவில்லை.

சுடலையால் வந்த அன்றுகூட அழாத மனுசன்.

"பத்மா..." என்றார். "சொக்கியெண்டு பாடேக்கை... என்ரை பத்மா..."

குடையைக் கையில் வாங்கிக்கொண்டேன். கேற் திறந்தது. சனம் எங்களைக் கடந்து போனது. நாங்கள் அங்கேயே நின்றோம்.