ஏழில் இரண்டு

2004 மார்ச் 23
பொறியியல் முதலாம் ஆண்டுப் பெறுபேறுகளை ஒட்டிவிட்டார்கள். ஏழு பாடத்தில் இரண்டு பெயில். கணிதம், இயந்திரவியல். உயர்தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்தவள் நான்! இங்கே விரிவுரையெல்லாம் இங்கிலிஷில். எனக்குப் புரிவதற்குள் பலகையை அழித்துவிடுகிறார்கள். இது சாக்கா? பாதி சாக்குதான்.

மார்ச் 24
சாப்பிடப் பிடிக்கவில்லை. என் அறையில் இருக்கும் ஹிமாயா பலாங்கொடை டவுன்காரி. அவளுக்கும் கணிதம் போய்விட்டது. "என்னத்துக்கு அழுற? ஆயெத் எழுதுவம்" என்றாள். ஆயெத் என்றால் சிங்களத்தில் மறுபடியும். எழுதலாம்தான். ஆனா வீட்ல என்னன்னு சொல்றது?

ஏப்ரல் 8
விடுமுறைக்கு வீட்டுக்கு, தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். கோயில் சுவரில் நோட்டீஸ்: 'எமது தோட்டத்தின் முதல் பொறியியலாளர் செல்வி கிருஷ்ணகுமாரிக்குப் பாராட்டு விழா.' பொறியியலாளராம். ஐயோ.

ஏப்ரல் 9
அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் சொன்னேன். "அம்புட்டுத்தானா? நான் ஒடம்புக்கு என்னமோன்னு பயந்துட்டேன்" என்றார். பெக்டரியில் ரோலர் மெசினில் வேலை செய்யும் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போய்விட்டார். திட்டியிருக்கலாம்ல?

ஏப்ரல் 11
பாராட்டு விழா. தோட்டத்து இளைஞர் மன்றத் தலைவர் சசி அண்ணன் மாலை போட்டு மைக்கைக் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். முடியவில்லை. "நான் ரெண்டு பாடத்துல பெயில். திரும்ப எழுதணும். பாஸானப்பறம் இந்த மாலையப் போடுங்க" என்று கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அப்பா கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்றார்.

"அஞ்சு பாஸு. அதையும் சொல்லு புள்ள."

"அஞ்சு பாடம் பாஸ்," என்றேன்.

"சத்தமா!"

சத்தமாகச் சொன்னேன். முதலில் கை தட்டியது அவர்தான்.

மே 20
பழைய வினாத்தாள்கள். எண்பத்தெட்டுக் கணக்கு போட்டேன், அறுபத்தொன்று சரி.

டிசம்பர் 14
இரண்டும் பாஸ்! திரும்ப எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சி' தரம்தான் தருவார்கள். தரட்டும். இயந்திரவியலில் இப்போது எனக்குத் தெரியாதது குறைவு. ஹிமாயாவும் பாஸ். இரண்டு பேரும் ஆளுக்கொரு கொத்து ரொட்டி சாப்பிட்டோம்.

2008 ஒக்டோபர் 17
நீர்மின் நிலையத்தில் பொறியியலாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் பெறுபேற்றுத் தாளைப் புரட்டிவிட்டுச் சிங்களத்தில் கேட்டார், முதலாம் ஆண்டில் ஏன் இந்த இரண்டு சி என்று.

"பெயிலாகித் திரும்ப எழுதினது சேர். அந்த ரெண்டுலயும் எத வேணும்னாலும் கேளுங்க." நானும் சிங்களத்திலேயே சொன்னேன்.

கேட்டார். முக்கால் மணி நேரம் விடவேயில்லை. கடைசியில் சுண்ணக்கட்டியை என் கையில் கொடுத்துவிட்டு மூன்று பேரும் நாற்காலியைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு டவுனுக்குப் போய் நல்லதாக ஒரு சோடி சப்பாத்து வாங்க வேண்டும்.