மாடில்லாத ஊர் என்று வெளியான செய்தியைத் திருத்தக் கோரி

அனுப்புநர்:
நா. முனிரத்தினம்,
எருக்கமேடு கிராமம்,
குடிபாலா மண்டலம்,
சித்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் கலெக்டர் அவர்கள்,
சித்தூர்.

பொருள்: எங்கள் ஊரில் மாடுகள் உள்ளன என்பதைத் தெரிவித்து, கால்நடை மருத்துவரைத் திரும்ப அனுப்பக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு கால்நடைக் கணக்கெடுக்க எங்கள் ஊருக்கு ஒருவர் வந்தார். முன்பின் தெரியாதவரிடம் மாட்டின் எண்ணிக்கையைச் சொன்னால் கண் பட்டுப் பால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆகவே எல்லா வீட்டிலும் இல்லை என்றே சொன்னோம். என் மனைவி கோவிந்தம்மாள், "மாடு கீடு ஒண்ணும் கெடையாது சார், டீ குட்ச்சிட்டுப் போங்க" என்று சொன்னபோது பின்பக்கம் எங்கள் ஒரே பசு கத்திக்கொண்டிருந்தது. அவர் டீயைக் குடித்துவிட்டு ‘இல்லை’ என்று பதிந்துகொண்டார். அவர்மேல் வருத்தம் இல்லை. சொன்னதைத்தான் பதிந்தார்.

2. அந்தக் கணக்கு அரசு இணையதளத்தில் வெளியானது. தெலுங்கு நாளிதழ் ஒன்றின் நிருபர் நாகபூஷணம் அதை எடுத்து, மாடே இல்லாத ஊர் என்று வரைபடத்துடன் செய்தி போட்டார். போனில் கேட்டதற்கு, அரசு கொடுத்த எண்ணைத்தான் போட்டேன், நானாக எதையும் சேர்க்கவில்லை என்றார். ஊருக்கு ஒரு நடை வந்திருக்கலாம், பஸ் வசதி இருக்கிறது. குறைந்தபட்சம் பால் சேகரிப்பு மையத்திலாவது விசாரித்திருக்கலாம். காலையும் மாலையும் எங்கள் ஊரிலிருந்து பால் வண்டி சித்தூருக்குப் போகிறது. அவர் வீட்டுக் காபிக்கும் அந்தப் பால்தான் என்று கேள்வி.

3. செய்தி வந்த அடுத்த மாதமே, மாடில்லாத ஊருக்கு மாட்டு டாக்டர் எதற்கு என்று டாக்டர் சபீனா அவர்களைப் புத்தலப்பட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள். கால்நடைத் துறை அலுவலகத்துக்கு நேரில் போய் மாடு இருக்கிறது என்று சொன்னோம். செய்தித்தாளை எடுத்துக் காட்டினார்கள்.

4. சென்ற வாரம் எங்கள் பசுவின் வயிற்றில் கன்று குறுக்கே நின்றுவிட்டது. போன் செய்தோம். டாக்டரம்மா ஸ்கூட்டரில் உடனே புறப்பட்டார். வந்து சேர்வதற்குள் பசுவும் போய்விட்டது, கன்றும் போய்விட்டது. வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்தது ஐயா, மனசு ஆறவில்லை. இல்லை என்று சொன்ன தன் வாய்தான் பலித்துவிட்டது என்று கோவிந்தம்மாள் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

5. ஆகவே மறுகணக்கு எடுக்கவும், டாக்டரம்மாவை இங்கேயே திரும்ப அனுப்பவும் ஐயா அவர்கள் உத்தரவிட வேண்டுகிறேன். இம்முறை எண்ணிச் சொல்வதாக ஊரார் அனைவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். திருத்திய கணக்கையும் செய்தியாகப் போடும்படி நிருபரிடம் சொல்ல வேண்டும். கணக்கில் என் பெயருக்கு எதிரே ‘இல்லை’ என்றிருப்பதை மட்டும் திருத்த வேண்டியதில்லை. அது இப்போது சரியாக இருக்கிறது.

இடம்: எருக்கமேடு
நாள்: 17.11.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
நா. முனிரத்தினம்
(ஒப்பம்)