பதினொரு பேரைக் கேட்டேன்

மார்ச் 8, சனி

காலையில் இருந்து தூறல். லைப்ரரி மேல்மாடியில் ஸ்பானிஷ் வகுப்பு. எட்டுப் பேர், நான்தான் வயது கூட. இன்றைய பாடம், நண்பர்கள் சிபாரிசு செய்ததைப் பற்றிப் பேசுவது. "மே லோ ரெகொமெந்தோ உனா அமீகா." ஒரு சிநேகிதி சொன்னாள் என்று அர்த்தம். சாப்பாட்டுக் கடை, பல் டொக்டர், படம், எல்லாவற்றுக்கும் இது போதுமாம்.

பக்கத்தில் இருந்தவர் முடி வெட்டுகிற கடையைச் சொன்னார். என் முறை. ஒரு சிநேகிதி எனக்கு மருமகனைச் சிபாரிசு செய்தாள் என்றேன். சிரிப்பு. ரீச்சர் திருத்தப் பார்த்தா. பிழை இல்லை, எங்கள் ஆட்களில் அப்படித்தான் என்றேன். பிறகு எப்படிப் போனது என்று கேட்டா. "மால்." மோசமாக என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

வாங்க: பால், மேசைவிரிப்பு, கால்வலித் தைலம்.

மார்ச் 9, ஞாயிறு

குளிர். பூசைக்கு நானும் மூத்தவள் மெலனியும். என் பழைய சிநேகிதி றெஜினா வலப்பக்கம், நாங்கள் இடப்பக்கம். நாலு வருடமாக இப்படித்தான். மெலனிக்கு மாப்பிள்ளை சொன்னது அவள். "தங்கமான பெடியன், நான் பொறுப்பு." கலியாணமாகி இரண்டாம் வருடமே மெலனி ஒரு சூட்கேசோடு எங்கள் குட்மேய்ஸ் வீட்டுக்கு வந்து நின்றாள். புருஷன் அடித்ததை ஆறு மாதம் கழித்துத்தான் சொன்னாள்.

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் றெஜினா திரும்பிப் பார்த்தாள். நான் செபப்புத்தகத்தைப் பார்த்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

பள்ளிக்கூடக் குசினியில் சமையல் ஷிப்ட் முடிந்து வர கால் வீங்கிப் போச்சு.

சின்னவள் அனிற்றாவின் போன். அவள் கட்ட விரும்புகிற ஸ்பானிஷ் பெடியன் ஹவியரின் தாய் சனிக்கிழமை வலென்சியாவில் இருந்து வருகிறா. இங்கிலீஷ் தெரியாது. அதற்குத்தானே நான் இந்த வயதில் வகுப்புக்குப் போகிறேன்.

"அம்மா, நீங்கள் ஓம் எண்டால்தான் நான் கலியாணத்துக்குத் திகதி வைப்பன்."

"ஆரையடி விசாரிக்கிறது? அந்தப் பக்கம் எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே."

"என்னைக் கேளுங்கோவன்."

அடுப்பில் சோறு என்று போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

வெயில். பஸ்ஸுக்கு நிற்கும்போது, மெலனியின் கலியாணத்துக்கு யார் யாரிடம் விசாரித்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். இங்கே லண்டனில், வெம்பிளியில் மூன்று. ஸ்ட்ரெதமில் இரண்டு. பாரிஸில் இரண்டு. யாழ்ப்பாணத்தில் பங்குச் சாமியார், அவனைப் படிப்பித்த மாஸ்ரர், பக்கத்து வீடு. பிறகு றெஜினா. பதினொரு பேர். எல்லாரும் நல்லதென்றே சொன்னார்கள். றெஜினாவும் கேள்விப்பட்டதைத்தான் சொன்னாள். பழியை அவள் ஒருத்தி தலையில் போட்டேன்.

கலியாணத்தன்று கோயிலுக்குப் போகிற காரில் மெலனி என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு. அவரை எனக்குப் பிடிக்கேல்லை."

"எல்லாரும் நல்ல பெடியன் எண்டுதானே சொல்லுகினம். பேசாமல் இரு."

பதினொரு பேரைக் கேட்டேன். அவளைக் கேட்கவில்லை. அவளாகச் சொன்னதையும் கேட்கவில்லை. இதை எழுத எனக்கு இத்தனை வருடம்.

மார்ச் 15, சனி

மழை. வகுப்பு இல்லை. தவக்காலம், அதனால் மீன் கறி, உறைப்புக் குறைத்து.

ஹவியரின் தாய் பிலார். என் வயதுதான். மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தா. அவவுக்கும் பயம்தான். சாப்பிட்டு முடிய ஸ்பானிஷில் மெதுவாகக் கேட்டா: உங்கள் ஆட்கள் விசாரிப்பார்களாமே, என் மகனைப் பற்றி யார் சொன்னது?

வேறு வசனங்கள் பாடமாக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "மே லோ ரெகொமெந்தோ மி இஹா" என்றேன். என் மகள் சொன்னாள்.

அனிற்றா அழுதாள். பிலார் என் கையைப் பிடித்தா. மெலனிக்கு விளங்கவில்லை.

"என்னம்மா சொன்னனீங்கள்?"

தமிழில் சொன்னேன். மெலனி கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"உன்னையும் கேட்டிருக்க வேணும், பிள்ளை."

அவள் திரும்பவில்லை. எல்லாக் கோப்பையும் கழுவி முடித்தாள். பிறகு, துடைக்கிற துணியை என்னிடம் நீட்டினாள்.